நாற்பத்தேழாம் குழியின் தாய்

பேசுகிறவர்களுக்கு எதிரே கைக்கடிகாரத்தைக் கழற்றி வைத்துவிட்டுத் தலைமை தாங்கும் ஊர்த்தலைவர் ட்யூண்டே அவர்களே! சூரியகாந்தி வயலைத் தோண்டக் கொடுத்த பேர்செஹாத் ஊர்ப் பெரியோர்களே! மூன்று கோடையாகப் பொகாச்சா ரொட்டி சுட்டுத் தந்தே எங்கள் ஆராய்ச்சிக்கு உயிர் கொடுத்த தாய்மார்களே! திஸ்ஸா நதிக்கரையின் திண்ணிய நெஞ்சங்களே! அனைவருக்கும் என் அன்பு வணக்கம்.

நான் எலும்பு படிக்கிறவள். ஆயிரத்து முந்நூறு ஆண்டுகளுக்கு முன் இங்கே வாழ்ந்த அவார் மக்களின் இடுப்பெலும்பில் குதிரைச் சவாரியைப் படிப்பேன். பல்லில் தினைக்கஞ்சியைப் படிப்பேன். போன ஆண்டு இதே மேடையில் மார்தட்டிச் சொன்னேன்: நாற்பத்தேழாம் குழியில் கிடப்பவள் தாய், பக்கத்தில் கிடக்கும் ஆறு வயதுப் பாலகன் அவள் பெற்ற பிள்ளை. இடுப்பெலும்பில் பள்ளம் இருந்தது. பிள்ளை பெற்ற தழும்பு என்றேன். நீங்களும் நம்பி நினைவுக்கல்லில் 'தாயும் மகனும்' என்று செதுக்கிவிட்டீர்கள். அந்தக் கல்தான் இங்கே துணி மூடி நிற்கிறது.

தவறு என்னுடையது. அந்தப் பள்ளம் பிள்ளை பெறாதவளுக்கும் விழும். மரபணுச் சோதனை முடிவு போன மாதம் வந்தது. அவள் அவனைப் பெறவில்லை. பக்கத்துக் குழியில் கிடக்கும் ஆணுக்கு வேறொருத்தி பெற்ற பிள்ளை அவன்.

என்ன ஆம்ப்ருஷ் அண்ணே, "அப்போ போன வருஷம் சொன்னது பொய்யா டாக்டரம்மா"ன்னா கேக்கறீங்க? பொய்யில்லண்ணே, தப்பு. நீங்க வாய்க்கால் வெட்டப் போய்க் கல்லறைய வெட்டினீங்களே, அந்த மாதிரி.

சிரியுங்கள், நன்றாகச் சிரியுங்கள். ஆனால் முடிவு வந்த அன்று எனக்குச் சிரிப்பு வரவில்லை. அறிக்கையை எடுத்துக்கொண்டு பள்ளிக்கூடக் கொட்டகைக்கு ஓடினேன். நமது தலைவர் அங்கே நின்றிருந்தார். கிசெல்லா அம்மையார் வழக்கம்போல் பல்துலக்கும் பிரஷ்ஷால் எலும்பு கழுவிக்கொண்டிருந்தார். நான்கு வயதுப் பெண்குழந்தையாக ட்யூண்டேயைக் கையில் வாங்கி ஆளாக்கிய மாற்றாந்தாய் அவர். ஊருக்கு அவர் ட்யூண்டேயின் சித்தி. ட்யூண்டேயும் சித்தி என்றே அழைப்பார். இருவரிடமும் கேட்டுவிட்டுத்தான் இதைச் சொல்கிறேன்.

"கல்ல மாத்திடலாம் டாக்டர். பெத்தவ இல்லன்னு தெரிஞ்சப்புறம் தாய்னு எப்படிப் போடறது? பாக்கறவன் சிரிப்பான்" என்றார் தலைவர்.

கிசெல்லா தலை நிமிரவில்லை. "மாத்துங்க. அந்தக் கைய என்ன பண்ணப் போறீங்க?"

"எந்தக் கை, சித்தி?"

"அவளோட இடது கை. பையன் தலைக்கு அடியில இருந்துச்சே, படத்துல பாக்கலியா? செத்தவ தானா கைய நீட்ட மாட்டா. யாரோ எடுத்து வச்சிருக்காங்க."

அன்பர்களே, யார் வைத்தார்கள்? பெற்றவள் யார் என்று தெரியாதவர்களா வைத்தார்கள்? அவளோடு தண்ணீர் எடுத்தவர்கள் வைத்தார்கள்! அவள் ஊட்டியதைப் பார்த்தவர்கள் வைத்தார்கள்! அவனைப் பெற்றவளை அறிந்தவர்கள், அறிந்தே வைத்தார்கள்! முப்பது ஆண்டு எலும்பு படித்த எனக்கு அந்தக் கை கண்ணில் பட்டது, புத்தியில் படவில்லை. வெட்கமாக இருந்தது.

தலைவர் ஒரு முக்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்; தாமும் ஒரு பிரஷ்ஷை எடுத்துக்கொண்டார்.

"கல்லு அப்படியே இருக்கட்டும், அம்மா" என்றார்.

கிசெல்லாவை அம்மா என்று அவர் அழைத்து நான் கேட்டது அதுதான் முதல் முறை. கிசெல்லாவின் கை ஒரு நொடி நின்றது. பிறகு, "மெதுவாத் தேய்டி, பல்லு உடைஞ்சிடப் போகுது" என்றார்.

என் அறிக்கையில் பெற்றவள் அல்லள் என்று எழுதிவிட்டேன், அது உண்மை. கல்லில் தாய் என்று இருக்கிறது; அதுவும் உண்மை. என் தவறைப் பொறுத்துக் காதுகொடுத்த உங்கள் ஒவ்வொருவருக்கும் நெஞ்சார்ந்த நன்றி. கல்லைத் திறந்துவைக்க, நம் தலைவரின் தாயார் கிசெல்லா அவர்களை மேடைக்கு அழைத்து விடைபெறுகிறேன். வணக்கம்.