பங்குக் கிணறும் சிவப்புப் புள்ளியும்

இப்போதெல்லாம் யாரும் எதையும் தொட்டுப் பார்த்து நம்புவதில்லை. பால் கெட்டதா என்று கேட்டால்கூட பாக்கெட்டில் அச்சடித்த தேதியைப் பார்க்கிறார்கள். மூக்கு எதற்கு இருக்கிறதோ. என் தம்பி மகன் மருதுபாண்டியும் அப்படித்தான். நல்ல பிள்ளை. அவனைக் குறை சொல்வதற்காக இதைச் சொல்லவில்லை.

என் பெயர் உக்கிரபாண்டி. திருவாடானைக்குக் கிழக்கே எங்கள் நிலம். பாகம் பிரித்தபோது நிலத்தைப் பிரித்தோம், கிணற்றைப் பிரிக்க முடியவில்லை. ஒரு நாள் எனக்கு, மறுநாள் தம்பிக்கு என்று முறை வைத்துக்கொண்டோம். தம்பி செத்த பிறகு அவன் பெண்டாட்டி சோணையம்மாள் முறையிலும் நானே பாய்ச்சினேன். என் மிளகாய்க்குத் தண்ணீர் பற்றவில்லை. அவள் கொல்லை காய்ந்தது. அவள் என்னிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. கோயம்புத்தூரில் வேலை பார்த்த மகனிடம் சொல்லியிருக்கிறாள்.

2009 தை மாதம் அவன் ஒரு பெட்டியோடு வந்தான். உள்ளே உள்ளங்கை அகலத்தில் ஒரு பச்சை அட்டை. அதிலிருந்து போகிற கம்பி கிணற்றுத் தண்ணீரைத் தொட்டால் மோட்டார் ஓடும், யார் முறையோ அவர் பக்கத்துக் குழாய் திறக்கும் என்றான்.

"பெரியப்பா, இனி ஒங்களுக்கும் அம்மாவுக்கும் சண்டையே வராது. எல்லாம் பெட்டி பாத்துக்கிரும்."

நாங்கள் சண்டை போட்டதே கிடையாது.

பெட்டி சொன்னபடி நடக்கவில்லை. சோணையம்மாள் முறையிலும் என் பக்கத்துக் குழாயையே திறந்தது. எனக்கு அதில் வருத்தமில்லை. அவன்தான் மோட்டார் கொட்டகையில் கம்ப்யூட்டரை மடியில் வைத்துக்கொண்டு இரண்டு நாள் சோறு மறந்து உட்கார்ந்தான். அவன் எழுதி ஏற்றிய வரிகளில் ஒன்றின் பக்கத்தில் சிவப்புப் புள்ளி வைப்பான். அட்டை அந்த வரிக்கு வந்ததும் அப்படியே நிற்குமாம். நின்றால் அதன் புத்தி எங்கே தடுமாறுகிறது என்று பார்த்துவிடலாமாம். மோட்டாரைப் போடச் சொல்கிற வரிக்கு முந்தி அந்தப் புள்ளியை வைத்தான். ஆனால் புள்ளி நடுவில் ஓட்டையாகவே இருந்தது. ஓட்டையாக இருந்தால் நிற்காது. நான் பக்கத்தில் இருந்து எல்லாவற்றையும் பார்த்தேன். ஒரு தரம் அமுக்கினால் புள்ளி வரும், மறுதரம் அமுக்கினால் போய்விடும். அதைக் கற்றுக்கொள்ளப் பள்ளிக்கூடம் போக வேண்டியதில்லை.

மூன்றாம் நாள் காலையில் பிழையைக் கண்டுபிடித்தான். அட்டையில் இருந்தது பழைய எழுத்து, கம்ப்யூட்டரில் இருந்தது புது எழுத்து. இரண்டும் ஒட்டவில்லை. புதிதை ஏற்றினான், புள்ளி நிறைந்தது. தொண்டிக்காரன் ஹமீது சுல்தான், கூட வேலை பார்க்கிறவன், அவனுக்குப் போன் போட்டு, "மாப்ள, புள்ளி நெறஞ்சிருச்சுடா, கம்பியத் தண்ணியில வச்சுப் பாக்கப் போறேன்" என்று சிரித்தான்.

தண்ணீர் அடியில் கிடந்தது, கம்பி எட்டவில்லை. அவன் படியில் இறங்கினான். எங்கள் பக்கத்தில் கிணற்றில் இறங்குகிறவன் ஃபியூஸ் கட்டையைப் பிடுங்கி மடியில் செருகிக்கொண்டுதான் இறங்குவான். அவன் பிடுங்கவில்லை. பிடுங்கினால் அட்டையும் அணைந்துபோகும், முதலிலிருந்து தொடங்க வேண்டும் என்றான்.

"அதான் புள்ளி நிறுத்திப்புடுமே, பெரியப்பா. நீங்க கம்ப்யூட்டரத் தொடாம மட்டும் இருங்க."

சரி என்றேன். மோட்டார் வயரில் ஒட்டுப்போட்ட இடம் தண்ணீருக்குள் கிடக்கிறது. ஐப்பசியிலிருந்தே அதில் கரண்டுக் கசிவு. மோட்டார் ஓடும்போது தவளை செத்து மிதக்கும். அது அவனுக்குத் தெரியுமா என்று நான் கேட்கவில்லை. அவனும் என்னைக் கேட்கவில்லை.

அம்புக்குறியை அவன் அந்தப் புள்ளி மேலேயே விட்டுப் போயிருந்தான். நான் ஒரு தரம் அமுக்கினேன். புள்ளி போய்விட்டது. எட்டிப் பார்த்தேன். முழங்கால் தண்ணீரில் நின்று கம்பியை நீட்டிக்கொண்டிருந்தான். "வைக்கவா பெரியப்பா?" என்று கேட்டான்.

"வையிலே" என்றேன்.

மோட்டார் நன்றாகத்தான் ஓடியது. சோணையம்மாள் முறைநாள் அது. தண்ணீர் அவள் பக்கத்துக் குழாயில்தான் விழுந்தது. புது எழுத்தை ஏற்றியதிலேயே பெட்டி சரியாகிவிட்டிருந்தது. எனக்கு அதைப் பார்க்கத்தான் கஷ்டமாக இருந்தது. கொஞ்சம் பொறுத்து ஃபியூஸைப் பிடுங்கிவிட்டுச் சத்தம் போட்டேன்.

விபத்து என்றுதான் முதலில் எழுதினார்கள். பதினாறாம் நாள் காரியம் முடிந்த பிறகு ஹமீது வந்து கம்ப்யூட்டரைத் திறந்தான். நிறைந்துவிட்டதென்று மருதுபாண்டி போனில் சொன்ன புள்ளி இப்போது இல்லையே என்றான். இன்ஸ்பெக்டரைக் கூட்டி வந்தான். கொட்டகையில் மோட்டாருக்குப் பதில் ஒரு பல்பை மாட்டி, செம்புத் தண்ணீரில் கம்பியை விட்டுக் காட்டினான். புள்ளி இருந்தபோது பல்பு எரியவில்லை. புள்ளியை எடுத்ததும் எரிந்தது.

நீதான் அமுக்கினாயா என்று இன்ஸ்பெக்டர் கேட்டார். ஆமாம் என்றேன். தெரிந்தா அமுக்கினாய் என்றார். தெரிந்துதான் என்றேன். பொய் சொல்லி எனக்குப் பழக்கமில்லை. ஆனால் ஒன்று, ஒரு பொட்டு உயிரைக் காக்கும், பொட்டு அழிந்தால் உயிர் போகும் என்றால் அதை எப்படி நம்புவது? கம்பியைத் தண்ணீரில் வைத்தவன் அவன். மோட்டாரைப் போட்டது பெட்டி.

"இன்னொரு தடவ காட்டட்டுமா, பெரியவரே?" என்றான் ஹமீது. அவன் கண் கலங்கியிருந்தது.

வேண்டாம் என்று எழுந்து வெளியே வந்தேன். சோணையம்மாள் வரப்பில் உட்கார்ந்து என்னையே பார்த்தாள். அன்றைக்கும் அவள் முறைதான். ஒற்றைக்கட்டைக்கு இனித் தண்ணீர் எதற்கு, என் மிளகாய்க்கு ஆகும் என்று நினைத்துக்கொண்டே நடந்தேன். பின்னால் போலீஸ்காரர் வருகிற சத்தம் கேட்டது.