நாலடிக்கு மேலே

நீலசந்திராவில் மண்ணெண்ணெய்க்கு வரிசையில் நின்றிருந்தேன். எனக்கு முன்னால் கையால் ஓட்டும் மூன்று சக்கர வண்டியில் ஒரு பெயின்டர் உட்கார்ந்திருந்தார். அசையாத கால்கள் மேல் பெயின்ட் டப்பா.

"சுவத்துல நாலடி வரைக்கும் நான். அதுக்கு மேல என் பொண்டாட்டி" என்றார், பக்கத்தில் நின்ற பெண்ணிடம்.

"ஏணி ஏறியா? நீங்க விழுந்ததும் ஏணியிலேருந்துதானேண்ணா?"

"அதே ஏணிதாம்மா."

"அக்காவுக்குப் பயமில்லையா?"

"எனக்குத்தான். இடுப்புக்குக் கீழதான் செத்துப்போச்சு, கை நல்லா இருக்குது. அவ எறங்குற வரைக்கும் பிரஷ்ஷைத் தொடமாட்டேன். ஏணியப் புடிச்சுக்கினே உக்காந்திருப்பேன். சாயந்திரம் தோளு ரெண்டும் கழண்டுடும்."

"ஏணி புடிக்க ஒரு ஆளு வச்சுக்கலாமே?"

"அன்னிக்கு எனக்கும் ஆளு இருந்தான்மா. டீ குடிக்கப் போயிருந்தான்."