மூன்றே போதும் என்று மொழிந்த அம்மையார்க்கு

கூடலூர், மேற்குச்சாரல் ஏலக்காய் வளர்ப்போர் கூட்டுறவுச் சங்கத்தில் முப்பத்து நான்கு ஆண்டுகள் முகம் கோணாது பணியாற்றி, அலுவலகக் கண்காணிப்பாளர் என்னும் அரிய பொறுப்பிலிருந்து இன்று மாலை ஐந்தே முக்காலுக்கு ஓய்வு பெறும் திருமதி ச. நாகஜோதி அம்மையார் அவர்களின் திருமுன்னர், பணியாளர்கள் பணிந்து படைக்கும் பாராட்டு மடல்.

கோப்புகளின் கோமகளே! குறிப்பேடுகளின் குலவிளக்கே! தேதி போடாத கடிதத்தைத் தீண்டவும் மறுத்த தீரமே! முத்திரை வைக்குமுன் மூன்று முறை படிக்கும் முதல்வியே!

இன்னும் பதினான்கு விளிகள் எழுதி வைத்திருந்தோம். கண்ணாடிச் சட்டம் போடுபவர் இரண்டடிக்கு மேல் சட்டம் தம்மிடம் இல்லை என்று கைவிரித்துவிட்டதால், எஞ்சியவற்றை எங்கள் இதயத்தில் இருத்திக்கொண்டு மேலே செல்கிறோம்.

தாங்கள் நேரம் தவறாதவர், நெறி பிறழாதவர், நெஞ்சில் வஞ்சம் அறியாதவர். இவை அனைத்தும் உண்மை. ஆயினும், இதே மேடையில் சென்ற ஆண்டு ஓய்வு பெற்ற ஓட்டுநருக்கும் இவற்றையே இதே வரிசையில் வாசித்தோம். அவரோ தமது பிரிவுபசார விழாவுக்கே முக்கால் மணி நேரம் தாமதமாக வந்தார். ஆகவே, எல்லார்க்கும் பொருந்துவதை விடுத்து, தங்களுக்கு மட்டுமே பொருந்துவதைச் சொல்லத் துணிகிறோம். தாங்கள் ஒன்பது கணினிகளைத் தேர்ந்தெடுத்த அந்த வரலாற்றை வியந்து வியந்து வாய் மூடாதிருக்கிறோம்.

இந்த ஆண்டு மாசி மாதம். சங்கத்தின் பழைய கணினிகள் ஒன்றன்பின் ஒன்றாய் உயிர்நீத்து, இரண்டு மட்டும் முனகிக்கொண்டிருந்தன. புதியன வாங்க நிர்வாகக் குழு தொகை ஒதுக்கியது. கணினிக்குள் அமர்ந்து யோசிக்கும் பொருளுக்குப் பிராசசர் என்று பெயர் என்பதையும், அதில் மூன்று, ஐந்து, ஏழு என வகைகள் உண்டு என்பதையும் நாங்கள் அப்போதுதான் அறிந்தோம். ஏழு என்றால் ஒதுக்கிய தொகைக்கு நான்கு வரும். மூன்று என்றால் ஒன்பது வரும்.

தங்களைத் தவிர்த்து எங்கள் எண்ணிக்கையும் ஒன்பது. நால்வர் நிரந்தரம், ஜான்சி முதலான ஐவர் தற்காலிகத் தட்டச்சர்கள். நான்கு கணினி வந்தால் ஐவருக்கு நாற்காலி இருக்கும், எதிரே ஒன்றும் இராது. வெறும் மேசைக்கு ஆள் எதற்கு என்ற நியாயமான கேள்வி எழுந்து, பங்குனி முதல் நாளோடு ஐவரையும் நிறுத்தும் கடிதம் வரைவாகிவிட்டது. அந்த வரைவைத் தட்டச்சு செய்யும்படி நிர்வாகம் யாரிடம் கொடுத்தது? வேகமாகத் தட்டுபவர் என்ற நற்பெயருக்கு உரிய ஜான்சியிடமே கொடுத்தது.

இவ்விழாவுக்குத் தலைமை தாங்கி இங்கே வீற்றிருக்கும் மாண்புமிகு சங்கத் தலைவர் திரு. தங்கப்பாண்டியன் அவர்கள், ஏலக்காயை உள்ளங்கையில் உருட்டியே அளவு சொல்லும் ஆற்றலாளர். எட்டு எம்எம் காய் உயர்ந்தது, ஏழு அதற்கு அடுத்தது, அதற்கும் கீழே சல்லடையில் ஒழுகுவது எளியது என்பது அவர் குருதியில் கலந்த அறிவு. அந்த அறிவு முழுவதையும் அவர் அன்று கணினியின் மேல் கொட்டினார்.

"ஏம்மா நாகஜோதி, எட்டு எம்எம் காய் வெளையிற மண்ணுல ஒக்காந்துக்கிட்டு மூணு நம்பரு கம்ப்யூட்டரு வாங்கச் சொல்ற? குமுளிச் சங்கத்துக்காரன் பாத்தா சிரிக்க மாட்டான்? சல்லடைக்குக் கீழ விழுந்த காய் மாதிரில்ல இருக்கு!"

குழு உறுப்பினர்கள் தலையசைத்தார்கள். தேனியிலிருந்து விலைப்பட்டியலோடு வந்திருந்த கணினிக்கடை ஆதித்தன் மற்றெவரையும் விட வேகமாக அசைத்தார்.

"அண்ணாச்சி சொல்றதுதான் சரி. ஏழு எடுத்தீகன்னா சினிமாவே எடிட் பண்ணலாம். கேமு சும்மா பறக்கும்."

"ஆதித்தா, எங்க ஆபீஸ்ல பறக்குறது ஃபேன் காத்துக்குப் பேப்பரு மட்டுந்தான்யா. மூட்டைக்குச் சீட்டு அடிக்க, கடுதாசி அடிக்க, மெயில் பாக்க என்ன வேணும்? அத மட்டும் சொல்லு" என்றீர்கள் தாங்கள். பிறகு தலைவர் பக்கம் திரும்பி, "தலைவரே, காய்க்குப் போட்ட நம்பரு தரத்துக்கு. இதுக்குப் போட்ட நம்பரு வேலைக்கு. எஸ்டேட்டுக்கு ஆள் ஏத்திட்டுப் போக ஜீப்பு போதும்ல? லாரி புடிச்சா அனுப்புவீக?" என்றீர்கள்.

போதும்! இந்த ஒரு சொல்லை எங்கள் அலுவலகத்தில் இலையில் சாம்பார் விழும்போது மட்டுமே கேட்டிருந்தோம். பொருள் வாங்கும் கோப்பில் அதை எழுதத் துணிந்த முதல் மனிதர் தாங்களே, தாயே! பெரிது, புதிது, உயர்ந்தது என்றே பழகிப்போன பேனாக்களுக்கு நடுவில், போதுமானது எது என்று தேடப் புறப்பட்ட தங்கள் பேனாவை நாங்கள் திகைத்துப் பார்த்தோம்.

பதினைந்து நாள் தாங்கள் செய்ததை இப்போது நினைத்தாலும் மலைப்பாக இருக்கிறது. ஆதித்தனிடம் அண்மையில் வெளிவந்த புதுத் தலைமுறை மூன்றாம் எண் கணினி ஒன்றை மாதிரிக்கு வாங்கிவந்து, நடுமேசையில் வைத்து, தட்டச்சர்களில் ஒருவரான முருகம்மாளை அமர்த்தி, கணினி எவ்வளவு உழைக்கிறது என்று காட்டும் கோட்டைத் திரையின் மூலையில் திறந்து வைத்தீர்கள். கடிதம் அடித்தாலும் கோடு தரையில் கிடந்தது. ஈராயிரம் வரி அட்டவணையைத் திறந்தபோது சற்றே தலைதூக்கி மீண்டும் படுத்துக்கொண்டது.

"மேடம், இது நம்ம வினோத்ராஜ் மாதிரி. தலைவரு கார் சத்தம் கேட்டாத்தான் எந்திரிக்கும் போல" என்றார் முருகம்மாள். நிரந்தரப் பணியாளரும் அலுவலக உதவியாளருமான வினோத்ராஜ் இதை மறுத்துப் பேச எழுந்து, கார் சத்தம் கேட்காததால் மீண்டும் அமர்ந்தார்.

நாள்காட்டித் தாளின் முதுகில் தாங்கள் எழுதிய முடிவு இது: ஒரு வேலைநாளில் கணினி நமக்காகக் காத்திருந்தது ஐந்து மணி நேரம். நாம் கணினிக்காகக் காத்திருந்தது பத்து நிமிடம். அதிலும் எட்டு நிமிடம் இணைய இணைப்பின் பிழை. "ஏழு வாங்குனாலும் கேபிளு அங்கன புளியமரத்துலதான தொங்கப் போகுது" என்று ஒரு பெருமூச்சும் எழுதப்படாமல் சேர்ந்தது.

தங்களைச் சிக்கனத்தின் செல்வி என்று எவரேனும் புகழ்ந்தால் நாங்கள் மறுப்போம். மூன்றுக்கும் கீழே இன்னொரு வகை உண்டு, அதை எடுத்தால் பதின்மூன்று வாங்கலாம் என்று ஆதித்தன் ஆசை காட்டியபோது, அதையும் இரண்டு நாள் உட்கார்த்திப் பார்த்தீர்கள். சீட்டு, அட்டவணை, அரசு இணையதளம் மூன்றையும் ஒருசேரத் திறந்ததும் திரையில் வட்டம் சுழன்றது, சுழன்றுகொண்டே இருந்தது, முருகம்மாள் தேநீர் குடித்து வந்த பின்னும் சுழன்றது. "எடுத்துட்டுப் போய்யா. போதாதது வேற, போதும்ங்கிறது வேற" என்று திருப்பி அனுப்பினீர்கள். கோப்பில் தாங்கள் எழுதிய குறிப்பு நான்கே வரி. புதுத் தலைமுறை மூன்று; எட்டு ஜிபி நினைவகம்; பழைய சுழலும் வட்டுக்குப் பதில் எஸ்எஸ்டி; படம் காட்டத் தனி அட்டை தேவையில்லை. இந்நான்கு வரிகளின் அழகில் நாங்கள் அடைந்த பரவசத்தை விவரிக்க இந்த மடல் போதாது.

ஆனால் குழு அசையவில்லை. "குறிப்பெல்லாம் நல்லாத்தான் இருக்கு. ஏழு ஏழுதான்மா. பாத்தாலே தெரியும்" என்று தலைவர் அருளினார்.

"அப்பப் பாத்துருவோமா தலைவரே?" என்றீர்கள்.

மறுநாள் கூட்ட அறையில் இரண்டு புதிய கணினிகள். ஒன்று மூன்று, மற்றது ஏழு. ஏனைய உறுப்புகள் இரண்டுக்கும் ஒன்றே. பெட்டிகள் இரண்டையும் ஏலக்காய்ச் சாக்கால் மூடியாயிற்று. திரைகள் மட்டும் வெளியே. எது எது என்பது மூடிய வினோத்ராஜுக்கு மட்டுமே தெரியும். அவரையும் தேநீர் வாங்க வெளியே அனுப்பிவிட்டீர்கள். ஜான்சியை அழைத்து அமர்த்தினீர்கள்.

"என்ன அடிக்கட்டும் மேடம்?" என்று கேட்டார் ஜான்சி.

"ஒங்கிட்ட ஒரு வரைவு குடுத்தாகள்ல. அதையே அடிம்மா. அதுவும் ஆபீஸ் கடுதாசிதான."

ஜான்சி தம்மையும் தம் தோழியர் நால்வரையும் பணியிலிருந்து நிறுத்தும் கடிதத்தை இடப்பக்கத்தில் ஒருமுறை அடித்தார். பிறகு நாற்காலியை நகர்த்திக்கொண்டு வலப்பக்கத்தில் ஒருமுறை அடித்தார். பிழையில்லை. தம் பெயர் வந்த இடத்திலும் விரல் நிற்கவில்லை. இரண்டையும் அச்சுக்கு அனுப்பினார். இரண்டும் ஒரே வேகத்தில் வந்து தலைவர் முன் விழுந்தன.

"இப்பச் சொல்லுங்க தலைவரே. எது ஏழு?"

தலைவர் அவர்கள் எழுந்தார். இடத்திரையை நோக்கினார், வலத்திரையை நோக்கினார், காயை உருட்டும் அந்த அனுபவ விரல்களைக் காற்றில் உருட்டினார். பின்னர், ஐயத்தின் நிழலும் படியாத குரலில், இடப்பக்கத்தைச் சுட்டி, "இதுதான் ஏழு. என்னா வேகம் பாத்தியா!" என்றார். உறுப்பினர் நால்வரும் ஒருமனதாக வழிமொழிந்தனர்.

சாக்கை விலக்கினோம். மூன்று.

வென்றவர் எவரும் அந்நேரம் சிரித்திருப்பர். தாங்கள் சிரிக்கவில்லை. அச்சிட்ட அந்தக் கடிதத்தை எடுத்துத் தலைவரிடம் நீட்டி, மெதுவாகத்தான் கேட்டீர்கள்:

"ஒங்க கண்ணுக்கே தெரியாத வித்தியாசத்துக்கா தலைவரே, அஞ்சு பிள்ளைகள வீட்டுக்கு அனுப்பச் சொல்றீக?"

தலைவர் அவர்கள் கடிதத்தை முழுதும் படித்தார். அவர் ஒரு கடிதத்தை முழுதும் படித்து நாங்கள் கண்டது அதுவே முதல் முறை. மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு, "ஒம்பதுன்னே எழுதிரும்மா" என்றார். இந்தப் பெருந்தன்மைக்காக அவரையும் இம்மடலில் ஓர் ஓரமாக வணங்குகிறோம்.

அன்றைய தீர்மானத்தைத் தாங்களே எழுதினீர்கள். 'தலைவர் அவர்களின் தொலைநோக்கான ஆலோசனையின்படி' என்று அது தொடங்குகிறது. தங்கள் பெயர் அதில் எங்கும் இல்லை. கணினிகள் வந்திறங்கிய நாளில் தலைவர் தேங்காய் உடைத்தார், உறுப்பினர்கள் படம் எடுத்துக்கொண்டனர். தாங்கள் பின்வரிசையில் நின்று, எந்த மேசைக்கு எது என்று சீட்டு ஒட்டிக்கொண்டிருந்தீர்கள். ஒன்பதில் ஒன்றும் தங்களுக்கு இல்லை. கேட்டதற்கு, "எனக்கு இன்னும் மூணு மாசந்தான. பேனா இருக்குல்ல" என்றீர்கள்.

அம்மையே! மலைச்சாரல் காற்றும் மாறாத உடல்நலமும் மக்கட்சுற்றமும் சூழ, தாங்கள் நெடுங்காலம் நிறைவாக வாழ வேண்டும். இனி வீட்டில் எவரேனும் தங்களை ஏமாற்றித் தேவைக்கு மேல் பெரிய கைப்பேசி வாங்க முயன்றால், அவர்களுக்காக இப்போதே இரக்கப்படுகிறோம்.

பாராட்டு மடலின் அடியில் நிரந்தரப் பணியாளர் மட்டுமே ஒப்பமிடுவது இச்சங்கத்தின் வழக்கம். தற்காலிகப் பணியாளர்கள் கைதட்டுவதோடு சரி. இம்முறை ஒன்பது பேரும் ஒப்பமிட விரும்பியும் சட்டத்தில் இடம் குறைவாக இருந்ததால் யாரை விடுவது என்ற பேச்சு எழுந்தது. நிரந்தரமான நாங்கள் நால்வரும் கூடிப் பேசினோம். ஐவரே முதலில் இடட்டும், மிச்ச இடத்தில் நாங்கள் நெருங்கிக்கொள்கிறோம் என்று முடிவாயிற்று.

இங்ஙனம்,
தத்தம் மேசைகளில் இருந்தபடி,

ஜான்சி, முருகம்மாள், பூமாரி, மகிமா, இருளம்மாள்

மற்றும் வினோத்ராஜ், ஜோயல், ஹேமாவதி, மதன்குமார்