எல்லா நாளும் பயணம்

இல்ல, நான் தெரியாமத்தான் கேக்குறேன்... காலையில பஸ்ஸ விட்டு இறங்கி இந்த மண்டபத்துக்குள்ள வர்றதுக்குள்ள ஆறு பேர் எங்கிட்ட ஒரே வசனத்தச் சொல்லிட்டீங்க. "நேரமே சரியில்லீங்க." கடை வைக்கலாம்னு இருந்தேன், நேரம் சரியில்ல. மறுபடி பரீட்சை எழுதலாம்னு இருந்தேன், நேரம் சரியில்ல. உங்க செயலாளர் வந்து சொல்றாரு, இந்த மைக்குக்கே நேரம் சரியில்லையாம். எனக்கு அலுத்துப்போச்சய்யா.

சரி, ஒரு சின்னக் கதை சொல்றேன், கேளுங்க. திட்டுறத அப்புறம் வச்சுக்குவோம்.

சிவகாசிப் பக்கம் காளிராஜ்னு ஒருத்தர். காலண்டர் ஆபீஸ்ல வேலை. நம்ம வீட்ல தொங்குதே தினசரிக் காலண்டர்... கீழ ராசிபலன், ஒரு ராசிக்கு ஒரு வார்த்தை. வரவு, செலவு, கவலை, பெருமை... அதேதான். ஒரு ஏஜென்ட் பேச்சக் கேட்டு வெளிநாட்டுக்கு வெல்டர் உதவியாளாப் போனாரு. போன பதினஞ்சாம் நாள் போலீஸ் வந்துச்சு. ஏஜென்ட் குடுத்தது வேலை விசாவே இல்ல, சுத்திப் பாக்குற விசா. அவரையும் கூட இருந்த வெல்டர் செல்லக்கண்ணுவையும் கொண்டுபோய் உள்ள வச்சுட்டாங்க. எப்ப விடுவீங்க? "பேப்பர் வரணும்." எப்ப வரும்? "வரும்போது வரும்."

மொழி தெரியாது. ஒரே அறையில பதினாலு பேரு. காளிராஜ் என்ன பண்ணாரு? சோப்பு அட்டை, பிஸ்கட் உறை எல்லாத்தையும் கிழிச்சு, தேதி எழுதி, ராசிபலனும் எழுதி, தினசரிக் காலண்டர் போட்டுட்டாரு. காலையில எந்திரிச்சதும் பதினாலு பேரும் அந்தச் சுவத்துக்குத்தான் போவாங்க. பங்களாதேஷ்காரரு, நேபாளத்துக்காரரு, எல்லாருக்கும் ஒரு ராசி. காவலுக்கு நிக்கிறவரே எட்டிப் பாத்து, "எனக்கு என்ன?"ன்னு சைகையில கேப்பாராம்.

ஆனா செல்லக்கண்ணு இருக்காரே... அவருக்கு அதப் பாத்தாலே எரிச்சல். "ஏன்டா, ரிஷப ராசிக்கு நாலு மாசமா 'பொறுமை, பொறுமை'ன்னே போடுற. வேற வார்த்தையே கெடைக்கலயா உனக்கு?"

"உங்களுக்கு இப்பத்திக்கு அதுதாண்ணே தேவைப்படுது."

வந்துச்சு ஆடிப் பதினெட்டு. சிவகாசியில அன்னைக்குத்தான் பூஜை போட்டு அடுத்த வருஷக் காலண்டரக் கையில எடுப்பாங்க. பழகுன கை சும்மா இருக்குமா? காளிராஜ் குளிச்சுட்டு வந்து, கும்பிட்டு, ஒரு அட்டையில எழுதுறாரு... ஜனவரி ஒண்ணு.

செல்லக்கண்ணு பாத்துட்டாரு. அவ்வளவுதான். அந்த அட்டையப் பிடுங்கி நாலாக் கிழிச்சு எறிஞ்சாரு. "அடுத்த வருஷத்துக்கா? அப்ப அடுத்த வருஷமும் இங்கதான் கெடக்கப்போறோம்னு நீயே முடிவு பண்ணிட்டியா? எம்பொண்டாட்டி அங்க ஒத்தையில நிக்கிறாடா." சொல்லிட்டு அந்த மனுஷன் அழுதுட்டாரு.

காளிராஜ் கிழிஞ்ச துண்டு நாலையும் பொறுக்குனாரு. "அண்ணே, காலண்டர் போடுறவன் அத ஆபீஸ்ல மாட்டவா போடுறான்? அது எவன் வீட்லயோ தொங்கும். இது இந்தச் சுவத்துக்கு இல்லண்ணே. எங்க வீட்டுக்கு. எம்மக நின்னு கிழிக்கிறதுக்கு."

...

மறுநாள் சாப்பாட்டு நேரத்துல செல்லக்கண்ணு ஒரு கட்டு பிஸ்கட் உறையக் கொண்டாந்து முன்னால போட்டாரு. முகத்தத் திருப்பிக்கிட்டே சொல்றாரு, "எங்க வீட்லயும் ஆணி இருக்கு. ஒண்ணு போடு. 'பொறுமை'ன்னு போட்ட, கொன்னுருவேன்."

போட்டுக் குடுத்தாரு. ஜனவரி ஒண்ணும் வந்துச்சு... விடுதலை வரல. செல்லக்கண்ணு முதல் தாளப் பாக்குறாரு. ரிஷபம், பயணம். மனுஷன் மூட்டையக் கட்டிக்கிட்டு உக்காந்துட்டாரு. யாரும் கூப்பிடல. ரெண்டாந்தேதி, பயணம். மூணாந்தேதி, பயணம். பத்தாம் நாள் அந்தக் கட்டையே தூக்கிட்டு வந்துட்டாரு. "என்னடா வெளையாட்டு இது? எந்தத் தாளப் பொரட்டுனாலும் பயணம்னே போட்டிருக்க?"

"எந்த நாள்னு எனக்கு மட்டும் தெரியுமாண்ணே? தெரியல. அதான் எல்லா நாளும் போட்டுட்டேன். ஒரு நாளைக்குச் சரியா வந்துதானே ஆகணும்?"

செல்லக்கண்ணுக்கு அடிக்கவும் முடியல, சிரிக்கவும் முடியல. ஆனா அதுக்கப்புறம் தினமும் காலையில அவரேதான் தாளக் கிழிச்சாரு. கிழிச்சுட்டு, மூட்டையக் கட்டி வச்சுக்கிட்டாரு. மார்ச் பதினொண்ணு... கிழிச்சாரு, பயணம். பத்து மணிக்குக் காவலர் வந்து ரெண்டு பேரு பேர வாசிச்சாரு.

பன்னெண்டாந்தேதி காளிராஜ் வீட்டுக்கு வந்தாரு. ஆணியில மருந்துக் கடைக் காலண்டர் தொங்குச்சு. அதக் கழட்டி வச்சுட்டு, தான் கொண்டாந்ததுல போன தேதியெல்லாம் மொத்தமாக் கிழிச்சு மாட்டுனாரு. அவர் மனைவி, "வந்ததும் வராததுமா காலண்டரா? முதல்ல சாப்பிடுங்க"ன்னு அழுதுக்கிட்டே சத்தம் போட்டாங்களாம். மறுநாள் காலையில பன்னெண்டாந்தேதித் தாள அவர் மக நின்னு கிழிச்சுச்சு.

கொஞ்ச நேரத்துல போன். செல்லக்கண்ணு. "டேய், வீட்டுக்கு வந்துட்டேன்டா. இன்னைக்கும் பயணம்னு போட்டிருக்கு. இவ நேத்துலேர்ந்து அழுவுறா, மறுபடி எங்க போறீங்கன்னு. இதுக்கு என்ன சொல்லச் சொல்ற?"

இப்பச் சொல்லுங்க. நாலு சுவத்துக்குள்ள பூட்டி வச்ச மனுஷன், சோப்பு அட்டையில தன் நேரத்தத் தானே எழுதிக்கிட்டாரு. அவருக்கு வெளிய வர்ற தேதி தெரியாது. வெளிய வருவோம்ங்கிறது தெரியும். அதுவரைக்கும் கைய வேலையில வச்சிருந்தாரு, அவ்வளவுதான். உங்களுக்கு என்னய்யா? கதவும் திறந்திருக்கு, கையும் சும்மாத்தான் இருக்கு. இனிமே எவனாவது எங்கிட்ட வந்து நேரம் சரியில்லன்னு சொன்னா, ஒரு சோப்பு அட்டையும் பேனாவும் குடுப்பேன். உக்காந்து எழுதுங்க... சரியா வர்ற வரைக்கும்.