செப்டம்பர் மாதத்து வீடு

வீட்டுக்கு நகல் எடுத்து வைக்கலாம் என்று சொன்னால் இன்றும் பாதிப் பேர் சிரிக்கிறார்கள். நீங்களும் சிரித்தீர்கள் தம்பி. அதில் எனக்கு வருத்தமில்லை. நான் இந்தத் தொழிலுக்கு வந்த புதிதில் என் உடன்பிறந்தவன் தெமிர்தாஸே, "வீட்ட ஜெராக்ஸ் எடுக்கப்போறியாண்ணே? அப்படியே என் சம்பளத்தையும் ரெண்டு காப்பி எடுத்துக் குடு" என்று கேட்டுவிட்டு விழுந்து விழுந்து சிரித்தான். எங்கள் ஊரான கரகண்டாவில் அப்போது நகல் என்றால் அடையாள அட்டைக்கு எடுப்பதுதான்.

நடந்ததை என் கையாலேயே எழுதித் தரும்படி கேட்டிருக்கிறீர்கள். எழுதுகிறேன். ஆனால் என் வேலை என்ன என்று புரியாமல் நான் செய்தது என்ன என்று புரியாது. அதனால் அங்கிருந்து தொடங்குகிறேன்.

விளக்கு, திரை, பூட்டு, சூடு எல்லாவற்றையும் ஒரு சிறு பெட்டி பார்த்துக்கொள்ளும்படி வீடுகளை அமைத்துக் கொடுப்பது என் வேலை. அதற்கு முன்பு நிலக்கரிச் சுரங்கத்தில் வாயு அளக்கும் கருவிகளைப் பராமரித்தேன். அந்தப் பெட்டிதான் வீட்டின் ஞாபகம். யார் முகத்துக்குக் கதவு திறக்க வேண்டும், எப்போது விளக்கு அணைய வேண்டும் என்பதெல்லாம் அதற்குள் இருக்கும். பெட்டி கெட்டுப்போனால் வீட்டுக்குப் புத்தி பேதலித்துவிடும். ஆகவே வாரந்தோறும் தானாக ஒரு நகல் எடுக்கும்படி செய்துவிடுவேன். நகல் அந்த வீட்டிலேயே இருந்தால் வீடு எரியும்போது அதுவும் எரியும். அதனால் எல்லா வீடுகளின் நகல்களும் என் கணினிக்கு வந்துவிடும். வாடிக்கையாளர்களிடம் நான் கண்டிப்பாகச் சொல்வது ஒன்றுதான். இதில் மனிதர்கள் கை வைக்கக் கூடாது. மறதி, கோபம், சோம்பல் எல்லாம் கை வழியாகத்தான் உள்ளே வரும்.

நகரத்தில் லாரிசா என்று ஒரு வாடிக்கையாளர். மின்சாரம் போய் வந்ததில் அவருடைய பெட்டி கருகிவிட்டது. புதுப் பெட்டி வைத்து, கையிலிருந்த நகலை அதில் ஏற்றினேன். திரைகள் நகர்ந்தன, தரை சூடானது, அவர் சந்தோஷத்தில் எனக்கு ஒரு புட்டி ராஸ்பெரி ஜாம் கொடுத்தார். மறுநாளே போன் வந்தது.

"ஒரல்பெக் அண்ணே, என்ன காரியம் பண்ணி வச்சிருக்கீங்க? நான் வெரட்டி விட்ட ஆளு நேரா உள்ள வந்து சோபால உக்காந்திருக்கான். கதவு அவன் மூஞ்சியப் பாத்துத் தொறக்குது. நல்வரவு வேற சொல்லுது."

அவர் வீட்டில் இணையம் வெகுநாளாக இல்லாததால் என்னிடம் இருந்தது விவாகரத்துக்கு முந்தைய நகல். வீட்டைப் பொறுத்தவரை அந்த ஆள் இன்னும் அவர் புருஷன்தான். வீடு எந்தத் தேதிக்குத் திரும்புகிறதோ அதற்குப் பிறகு வந்தது எதுவும் அதற்குத் தெரியாது. இதைக் கொஞ்சம் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

எனக்கும் என் மனைவி குல்யாஷுக்கும் குழந்தை இல்லை. தெமிர்தாஸுக்கு முதல் பெண் பிறந்ததும் எங்கள் வழக்கப்படி அவளை எங்களுக்குக் கொடுத்தான். பிள்ளையில்லாத அண்ணனுக்குத் தம்பி தன் பிள்ளையைக் கொடுப்பது இங்கே புதிதில்லை. நீங்கள் நகரத்தில் வளர்ந்தவர், ஆனாலும் கேள்விப்பட்டிருப்பீர்கள். தாய்ப்பால் மறந்ததும் அக்போத்தா எங்களிடம் வந்தாள். என்னை அப்பா என்றாள், குல்யாஷை அம்மா என்றாள். பெற்றவர்களைச் சித்தப்பா, சித்தி என்றாள். யாரும் அவளிடம் பொய் சொல்லவில்லை. தெமிர்தாஸின் மனைவி ரவுஷான் தன் வயிற்றில் பிறந்தவள் தன்னைச் சித்தி என்று கூப்பிடுவதைக் கேட்டுக்கொண்டே எங்களுக்குத் தேநீர் ஊற்றுவாள். முகத்தில் ஒன்றும் காட்டமாட்டாள். நல்ல பெண். அவளைப் பற்றித் தவறாக நான் எங்கும் சொல்லவில்லை.

பிறகு குல்யாஷ் இறந்துபோனாள். அவள் நினைவாக ஓராண்டு விருந்தை செப்டம்பரில் கொடுத்தேன். விருந்தாளிகள் போன பிறகு ரவுஷான் பாத்திரங்களைக் கழுவிக்கொண்டே பேச்சை எடுத்தாள்.

"பெரியத்தான், தப்பா எடுத்துக்காதீங்க. பொம்பளப் பிள்ள வளந்துட்டு வரா. நீங்க தனி ஆளா என்ன பண்ணுவீங்க? தல பின்னத் தெரியுமா உங்களுக்கு?"

"கத்துக்கிட்டேன். இன்னிக்கு அவ தலைய யாரு பின்னினதுன்னு நெனச்ச?"

"பாத்தேன். ஒரு பக்கம் மேல, ஒரு பக்கம் கீழ." சிரித்தாள். பிறகு சிரிப்பை நிறுத்திவிட்டு, "அவளுக்கு அம்மா வேணும் பெரியத்தான்" என்றாள்.

தெமிர்தாஸ் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தான். கொடுத்ததைத் திரும்பக் கேட்பது வழக்கமில்லை என்று அவனுக்குத் தெரியும். ஆனாலும் அவளை அவன் தடுக்கவில்லை. நானும் சண்டை போடவில்லை. அக்டோபரில் அக்போத்தாவை நானே என் வண்டியில் கொண்டுபோய் விட்டேன். வெள்ளிக்கிழமை இரவுகளில் மட்டும் என்னிடம் வந்து தங்குவாள் என்று முடிவாயிற்று.

அவர்கள் வீடு ஊருக்கு வெளியே, பழைய சுரங்கத்தைத் தாண்டி இருக்கிறது. கரி அடுப்பு, அதிலிருந்து அறைகளுக்கு வெந்நீர்க் குழாய். புகைபோக்கிக்குள் ஒரு தகடு உண்டு. தணல் அடங்கியதும் அதை மூடினால் சூடு விடியும்வரை நிற்கும். கரி மிச்சம் பிடிக்கிறேன் என்று தணல் அடங்கும் முன்பே மூடிவிட்டுப் படுத்தால் நிறமும் மணமும் இல்லாத நச்சு வாயு வீட்டுக்குள் திரும்பும். குளிர்காலம்தோறும் யாராவது ஒரு குடும்பம் அப்படிப் போகிறது, செய்தியில் பார்த்துவிட்டு நாமும் அதையேதான் செய்கிறோம். தெமிர்தாஸுக்காக நான் அந்தத் தகட்டில் ஒரு மோட்டார் பொருத்தியிருந்தேன். ராத்திரி குறித்த நேரத்தில் தானாக மூடிக்கொள்ளும். அப்போது அவர்கள் சாயங்காலமே கரி போட்டுவிட்டுச் சீக்கிரம் படுப்பவர்கள், அதனால் கெடுதல் வரவில்லை.

அக்போத்தா வந்த பிறகு ரவுஷான் மாறினாள். குழந்தைக்குக் குளிரும் என்று படுக்கப் போகும்போதும் ஒரு முறை அடுப்பை நிரப்பினாள். ஆகவே தகடு தானாக மூடக் கூடாது என்றாள். நஞ்சைக் கண்டுபிடிக்கும் சென்சார் ஒன்று வேண்டும் என்றாள். நியாயமான கோரிக்கை. தகடு தானாக மூடுவதை நிறுத்தினேன். சென்சாரை நானே வாங்கி, நானே அடுப்பறையில் மாட்டினேன். அந்தச் சென்சாரின் சத்தம் சிறியது. அது சொல்வதைப் பெட்டி வாங்கிக்கொண்டு படுக்கையறைகளில் அலறும், விளக்குகளை எரியவிடும், தகட்டைத் திறக்கும். அக்போத்தாவோடுதான் அதுவும் அந்த வீட்டுக்குள் வந்தது.

அந்த மாதங்களில் நான் மோசமாக இல்லை. வெள்ளிக்கிழமைகளில், இறந்தவர்களுக்காக எண்ணெய் காய வைத்து ரொட்டி பொரிக்க வேண்டும் அல்லவா, அந்த வாசம்தான் அவர்களுக்குப் போய்ச் சேரும். நான் குல்யாஷுக்காகப் பொரிப்பேன், அக்போத்தா பக்கத்தில் நின்று சுடச்சுடத் தின்பாள். மற்ற நாட்களில் கணினியைத் திறந்து அவர்கள் வீட்டைப் பார்ப்பேன். அவள் அறை விளக்கு அணைந்தால் எனக்கும் தூக்கம் வரும். அது வேவு பார்ப்பது என்று உங்கள் அறிக்கையில் எழுதியிருக்கிறீர்கள். பராமரிப்பு என்று சொல்வதுதான் சரி.

புத்தாண்டு விருந்தில் எல்லோரும் உட்கார்ந்திருக்கும்போது அக்போத்தா மேஜைக்கு அந்தப் பக்கத்திலிருந்து, "பெரியப்பா, அந்த ஆரஞ்ச இங்க தள்ளுங்க" என்றாள். நான் என்னைத்தான் கூப்பிடுகிறாள் என்று தெரியாமல் திரும்பிப் பார்த்தேன். எனக்குப் பின்னால் யாரும் இல்லை. ரவுஷான் தலையைக் குனிந்துகொண்டாள். அவள் சொல்லிக் கொடுத்திருப்பாள் என்று நான் நினைக்கவில்லை. பிள்ளைக்கே தோன்றியிருக்கும். அதுதான் எனக்குத் தாங்கவில்லை. ஆரஞ்சை எடுத்து உரித்துக் கொடுத்தேன்.

அதே விருந்தில்தான் தெமிர்தாஸ் சொன்னான். வசந்தத்தில் அக்தாவுக்குப் போகிறார்களாம், கடலோரத்தில் வேலை கிடைத்திருக்கிறதாம். கரகண்டாவிலிருந்து ரயிலில் போனால் இரண்டு ராத்திரி ஆகும் ஊர்.

"அப்ப வெள்ளிக்கிழம?" என்று கேட்டேன்.

"லீவுக்கு லீவு கூட்டிட்டு வருவோம்ணே."

"நீங்களும் அங்க வந்துடுங்க பெரியத்தான்" என்றாள் ரவுஷான். "அங்க கடல் இருக்கு. காலாற நடக்கலாம். தனியா எண்ணெய்ச் சட்டியப் பாத்துக்கிட்டு எத்தன நாளுக்கு உக்காந்திருப்பீங்க?" அவள் உண்மையாகவே கூப்பிட்டாள். நான் யோசித்துச் சொல்கிறேன் என்றேன்.

யோசித்தேன். எனக்கு யார் மேலும் கோபம் இல்லை என்று தெரிந்தது. எல்லாம் செப்டம்பர் வரை சரியாகத்தான் இருந்தது. ஒரு வீட்டில் இப்படி நேர்ந்தால் நான் என்ன செய்வேனோ அதைத்தான் செய்தேன். அவர்கள் வீட்டின் நகல்களில் செப்டம்பர் மாதத்து நகலைத் தேர்ந்தெடுத்தேன். அது தானாக ஏறிக்கொள்ள ஒரு வெள்ளிக்கிழமை இரவைக் குறித்தேன். அன்று தெமிர்தாஸுக்குச் சுரங்கத்தில் இரவு வேலை. அக்போத்தா என்னிடம் இருப்பாள். வீட்டில் ரவுஷான் மட்டும்.

ஏன் அந்தத் தேதி என்று கேட்டீர்கள். அந்த நகலில் தகடு தானாக மூடும். அந்த நகலில் சென்சார் கிடையாது. வீடு செப்டம்பருக்குப் போய்விடும், ரவுஷான் போகமாட்டாள். அவள் ஜனவரியில் இருந்துகொண்டு படுக்கப் போகும் முன் அடுப்பை நிரப்புவாள். சுரங்கத்தில் வாயுவோடு பழகியவன் நான். அது வலிக்காது என்றும் தெரியும்.

அந்த வெள்ளிக்கிழமை காலையிலிருந்தே பனிப்புயல். மாவு பிசைந்து மூடி வைத்துவிட்டு அக்போத்தாவை அழைத்துவரக் கிளம்பிக்கொண்டிருந்தேன். இன்னும் முழுதாக இருட்டவில்லை. ரவுஷான் போன் செய்தாள்.

"பெரியத்தான், இன்னிக்கு வராதீங்க. பிள்ளைக்கு இருமல். இந்தக் காத்துல வெளிய எடுக்க வேணாம்."

"நான் வண்டிய வாசல்லயே நிறுத்தறேன். போர்வையில சுத்திக் குடு."

"பிடிவாதம் பிடிக்காதீங்க. உங்களுக்கும் சேத்து இருமல் வரும். இவரும் வேலைக்குப் போயிட்டாரு, நான் அடுப்ப நல்லாப் போட்டு வச்சுப் பாத்துக்கறேன். அடுத்த வாரம் ரெண்டு ராத்திரியா அனுப்பறேன், சரியா? இந்தா, பேசறாளாம்."

அக்போத்தா குரல் கரகரத்தது. "பெரியப்பா, எனக்கு ரொட்டி எடுத்து வையுங்க. எல்லாத்தையும் நீங்களே தின்னுடாதீங்க."

வைக்கிறேன் என்றேன். போனை வைத்தாள்.

பிறகு கணினியைத் திறந்தேன். குறித்து வைத்த வேலை அங்கே இருந்தது. பக்கத்தில் ரத்து செய்யும் பொத்தானும் இருந்தது. நேரம் தாராளமாக இருந்தது. வேண்டுமானால் ரொட்டி பொரித்து முடித்துவிட்டுக்கூட அழுத்தியிருக்கலாம். நான் மறக்கவில்லை, தூங்கிவிடவுமில்லை. அதற்கு எதிரிலேயே உட்கார்ந்திருந்தேன். ரத்து செய்தால் அடுத்த வாரம் வரும், அதற்கடுத்த வாரம் வரும், பிறகு வசந்தம் வரும், இரண்டு ராத்திரி ரயிலில் அவள் போய்விடுவாள். கடலோரத்தில் யாருக்கோ என்னைக் காட்டி, இவர் எங்கள் பெரியப்பா என்பாள். வாடிக்கையாளர்களுக்கு நான் சொல்வதும் நினைவுக்கு வந்தது. ஒரு முறை குறித்ததில் கை வைக்கக் கூடாது. நான் கை வைக்கவில்லை. அன்றிரவு என் கை எதையும் தொடவில்லை. எல்லாம் தானாக நடந்தது.

காலையில் தெமிர்தாஸ் வேலை முடிந்து வந்து கதவைத் திறந்திருக்கிறான். அடுப்பறையில் சென்சார் அப்போதும் கத்திக்கொண்டிருந்ததாம். இரண்டு சாத்திய கதவுகளுக்கு அந்தப் பக்கம், கரிக் குவியலுக்கு முன்னால், அந்த வீட்டுக்குத் தன்னைத் தெரியாது என்று தெரியாமல் அது ராத்திரி முழுக்கக் கத்தியிருக்கிறது. இருவரும் ஒரே கட்டிலில் கிடந்தார்கள். இருமுகிற பிள்ளையைத் தன் பக்கத்தில் போட்டுக்கொண்டிருக்கிறாள். தெமிர்தாஸ் உங்களைக் கூப்பிடுவதற்கு முன்னால் என்னைத்தான் கூப்பிட்டான்.

"அண்ணே, வீடு ஏண்ணே அவங்கள எழுப்பல? நீதானே போட்டுக் குடுத்த. அது எழுப்பும்னு சொன்னியே. வந்து பாருண்ணே. எதுவாச்சும் பண்ணி முன்ன இருந்த மாதிரி ஆக்கிக் குடுண்ணே."

அவன் யோசித்துப் பேசவில்லை. அவன் இப்போது யாரிடமும் பேசுவதில்லை என்று நீங்கள் சொன்னீர்கள். என் பெயரைச் சொன்னால் எழுந்து வெளியே போய்விடுகிறானாம். அவனுக்கு என்னைத் தவிர யாரும் இல்லை, எனக்கும் அவனைத் தவிர யாரும் இல்லை. எங்களுக்கு இனி என்ன நடந்தாலும் ஒன்றுதான். தண்டனையைக் குறைக்க வேண்டும் என்று நான் எதையும் எழுதவில்லை.

ரவுஷானைக் கொன்றது நான். யோசித்து, நாள் பார்த்து, தெரிந்தே செய்தேன். அதை எந்த வார்த்தையில் வேண்டுமானாலும் எழுதிக்கொள்ளுங்கள், கையெழுத்துப் போடுகிறேன்.

ஆனால் உங்கள் அறிக்கையில் இரண்டு பேர் என்று இருக்கிறது. அதை மட்டும் திருத்த வேண்டும் தம்பி. நான் திரும்பக் கொண்டுவந்தது செப்டம்பர் மாதத்து வீட்டை. நகலைத் திறந்து நீங்களே பாருங்கள், அதில் அவள் பெயருக்கு ஒரு விளக்குகூட இல்லை. செப்டம்பரில் அக்போத்தா என்னிடம்தான் இருந்தாள்.