கயல்விழி மேல போட்ட கேசு

எடுத்துக்குங்க மேடம், காபி ஆறுது. சக்கர கம்மியாதான் போட்டிருக்கறன். ஹரிணி இப்ப வந்துருவா. மேடம் வந்திருக்கறாங்க, சூடா போண்டா வாங்கிட்டு வா கண்ணுன்னு நான்தான் அனுப்பினன். பாகலூர் ரோட்டுக் கடையில எப்பவும் கூட்டம். கொஞ்சம் நேரம் ஆவும். ஆவட்டும்.

ஏன் அப்படிப் பாக்கறீங்க? கதவத் தொறந்ததும் அடையாளம் தெரிஞ்சு போச்சில்ல? ஆனா புள்ள முன்னாடி, வணக்கம்மா, நீங்கதான் ஹரிணி அம்மாவான்னு கேட்டீங்க பாருங்க, அடேயப்பா! நானும் ஆமாங்க மேடம்னுட்டன். இப்ப வூட்டுல நீயும் நானுந்தான். மேடம் கீடம் எல்லாம் போதும். நல்லா இருக்கறியா பிரவீனா?

ஆமாண்டி, சென்னம்மாதான். சென்னி, சென்னின்னு கூப்பிடுவியே, அதே சென்னிதான். வேலையும் அதே கம்பெனிதான். நாம ரெண்டு பேரும் நின்ன லைன்ல இப்ப மெஷின் நிக்குது, நான் செக்கிங்ல இருக்கறன். நீதான் ஏறிப் போயிட்ட. ஒரே பாயில படுத்து, ஒரே டிபன் பாக்ஸ்ல தின்னவ, இன்னிக்கு காலேஜு மேடம். சந்தோசம்தான். பொய் சொல்லல, நெசமாத்தான் சொல்றன்.

இரு, அந்தப் பேப்பர உள்ள வெய்யி. கையெழுத்துதானே? கோயமுத்தூர்ல பெரிய போட்டி, காலேஜுல பேசின அதே கேசுதான் பேசணும், ஹரிணிய அனுப்பறதுக்கு வூட்டுல சம்மதம் வேணும், அவ்வளவுதானே? சொல்லிட்டா. ரெண்டு நாளா அதான் பாட்டு அவளுக்கு. போடறனா இல்லையான்னு அப்பறம் சொல்றன்.

அவ இந்தப் படிப்புல சேரும்போது நான் சிரிச்சன். இலக்கியமும் சட்டமுமாம். ஏன்டி, ஒண்ணு கதை படி, இல்ல வக்கீலுக்குப் படி, இதென்ன சாம்பார்லயே மோர ஊத்துற மாதிரின்னு கேட்டன். அவ அக்கா சுவாதி, தேன்கனிக்கோட்டையில கட்டிக் குடுத்திருக்கறன், அவளும் போன்ல கிண்டல் பண்ணா. இல்லம்மா, கதையில வர்ற ஆளக் கூண்டுல ஏத்துவோம், தமிழ் படிக்கறவங்களும் லா படிக்கறவங்களும் சேந்து கேசு நடத்துவோம்னா. சரி, நம்ம சனத்துல யாரு கோர்ட்டுல வாய் தொறந்திருக்கறாங்க, புள்ள பேசக் கத்துக்கட்டும்னு விட்டுட்டன். பிரவீனா மேடம், பிரவீனா மேடம்னு உருகுவா. ஊருல எத்தன பிரவீனா. நீன்னு நான் எங்க கண்டன்?

அன்னிக்கு உங்க ஆடிட்டோரியத்துக்கு லீவு போட்டுட்டு வந்தன். அவ சுடிதார நானே இஸ்திரி போட்டன். கறுப்பு கோட்டு யாருகிட்டயோ கடன் வாங்கியிருந்தா, தோள்பட்ட தொங்குச்சு. அரசு தரப்பு வக்கீல் ஹரிணின்னு மைக்குல சொன்னதும் நான் சீட்டு நுனிக்கு வந்துட்டன். பக்கத்துல ஒரு அம்மா, யாரு பெத்த புள்ளையோ, என்ன கம்பீரமா வருது பாருன்னாங்க. நான் பெத்ததுங்கன்னன்.

அப்பறம் அவ ஆரம்பிச்சா. குற்றவாளி பேரு கயல்விழி. ரெண்டாவதும் பொட்டப்புள்ளையா பெத்தவ. புருசன், இதத் தூக்கிட்டு வாசப்படி ஏறாதன்னுட்டான். அதனால பெரியாஸ்பத்திரி வாசல்ல அரசாங்கம் கட்டி வெச்ச தொட்டில்ல பச்சப்புள்ளையப் போட்டுட்டு, திரும்பிக்கூடப் பாக்காம ஓசூர் பஸ் ஏறிட்டா. இதான் கேசு.

அப்பக்கூட எனக்குத் தட்டல பிரவீனா. நம்ம பக்கத்துல எத்தன பேரு அந்தத் தொட்டில்ல போட்டுட்டுப் போயிருக்கறாங்க. அந்தத் தொட்டில வெச்சதே அதுக்குத்தானே. யாரோ எவளோன்னு உக்காந்திருந்தன். அப்ப சொன்னா, கொழந்தை கையில கறுப்பு வளையல், அது பெருசா இருந்து நழுவுதுன்னு செவப்பு நூல் சுத்தியிருந்துச்சுன்னு. நழுவாம இருக்கறதுக்கு நூல் சுத்தத் தெரிஞ்சவளுக்கு, கொழந்தைய நழுவ விடாம இருக்கத் தெரியலையான்னு கேட்டா. கைத்தட்டல் அள்ளுச்சு.

அந்த நூல சுத்தினது யாரு? சொல்லு. என் பொடவ முந்தானையிலேருந்து உருவி, பல்லால கடிச்சு அறுத்து சுத்துனது யாருடி? அத இந்த ஒலகத்துல பாத்தது ரெண்டே பேரு. மேடை ஓரமா பாத்தன். பட்டுப் பொடவ கட்டிக்கிட்டு நீ நிக்கற.

நீ எழுதினது கதைதானேங்கறியா? பேர மாத்திட்டியா? ஆமா, மாத்திட்ட. கயல்விழி. நல்ல பேரு, எங்கம்மா எனக்கு வெக்கத் தோணாத பேரு. பேர மாத்துனவளுக்கு பஸ்ஸ மாத்தத் தெரியல, வளையல மாத்தத் தெரியல. என் புருசன், அந்த ஆளு கோபி, சொன்ன வார்த்தையக்கூட அப்படியே வெச்சிருக்கற, ஒரு எழுத்து கொறையாம.

முனியப்பன் கோயில்ல சூடம் கொளுத்தி, கையால அடிச்சு அணைச்சு சத்தியம் பண்ணுனியே, செத்தாலும் இது என் வாயில வராது சென்னின்னு. கையி கன்னிப்போயி, நான் வெண்ண தடவி வுட்டன். மறந்துட்டியா? இல்ல, வாயிலதானே வராதுன்னன், பேனாவுல வரலாம்னு நெனச்சிட்டியா? என்னக் கேட்டிருந்தா நானே சொல்லியிருப்பன். எழுதிக்கடின்னு சொல்லியிருப்பன். ஆனா முழுசா எழுதுன்னு சொல்லியிருப்பன்.

அதான் எனக்குப் பொறுக்கல. உன் கதையப் படிச்சன். ஹரிணி மேசை மேல வெச்சிருந்துச்சு, எழுத்துக்கூட்டிப் படிச்சு முடிச்சன். நல்லாத்தான் எழுதியிருக்கற, அழுவ வந்துச்சு. ஆனா தேடித் தேடிப் பாத்தன், அதுல உன்னக் காணோமே? அந்தக் கயல்விழி ஒண்டியா போறா. ஒண்டியாவா போனன் நான்? பச்ச ஒடம்புக்காரி, நடக்கவே முடியல எனக்கு. கொழந்தையத் தூக்கிட்டு வந்தது நீ. தொட்டில்ல கிடத்தினதும் நீ. திரும்பாத சென்னி, திரும்பினா உன்னால போவ முடியாதுன்னு என் தோளப் புடிச்சுத் தள்ளிட்டு வந்தது நீ. நல்லதுக்குத்தான் சொன்ன. அன்னிக்கும் ஏத்துக்கிட்டன், இன்னிக்கும் ஏத்துக்கறன். ஆனா திரும்பிக்கூடப் பாக்கலன்னு என்னக் கூண்டுல நிக்க வெச்சுட்டு, திரும்பாதன்னு சொன்னவ மேடையில மைக்க சரி பண்ணிட்டு இருக்கற. இது என்னடி ஞாயம்?

அழாத. அழுதா அவ வந்து என்னன்னு கேப்பா.

எதிர்க்கட்சி வக்கீலா ஒரு பையன் வந்தான், வெங்கட்டோ என்னமோ. ஏழ்மை, சமுதாயம்னு என்னென்னமோ சொன்னான் பாவம், தொண்டைக்குழிக்குள்ளயே சொன்னான். அவன் ஒரு கேள்வி கேட்டிருக்கலாம். அந்தப் பொம்பள அப்பறம் என்ன ஆனான்னு. யாருமே கேக்கல. நீதிபதியா உக்காந்தவருதான் கடைசியா, அந்தக் கொழந்தை என்ன ஆச்சும்மான்னு கேட்டாரு. இவ சொல்றா, கதையில அது இல்லைங்க ஐயா, எங்கயோ எவரு வூட்டு வாசல்லயோ, தன்னப் பெத்தவ யாருன்னு தெரியாம இன்னிக்கும் அது அலைஞ்சிட்டு இருக்கும்னு. எல்லாரும் எந்திரிச்சு நின்னு தட்டினாங்க. நானும் தட்டினன். வேற என்ன பண்றது? என் புள்ள கெலிக்குதே.

குற்றவாளின்னு தீர்ப்பு. வூட்டுக்கு வந்து சோத்தப் பெசஞ்சுக்கிட்டே கேக்கறா, அம்மா, நீயா இருந்தா என்னம்மா பண்ணியிருப்பன்னு. சாப்பிடும்போது பேசாதன்னுட்டு அடுப்புப் பக்கம் திரும்பிக்கிட்டன். அப்பன் எங்கன்னு கேட்டதுக்கெல்லாம் அந்த ஆள விட்டுட்டு வந்துட்டன்னு உள்ளதச் சொல்லியிருக்கறன். இந்த ஒண்ண மட்டும் சொல்லல. எப்படிச் சொல்லுவன்? இப்ப ஒரு ஊரே தீர்ப்பு சொன்னதுக்கப்பறம் எப்படிச் சொல்லுவன்?

நீ ஏன் வந்து பாக்கலன்னு கேக்கல நான். கிருஷ்ணகிரி ஸ்டாண்டுல நீ சேலம் பஸ் ஏறின, காலேஜுல எடம் கெடச்சிருந்துச்சு. நான் ஓசூர் பஸ் ஏறினன். அதோட நீ என்னத் தேடல. நானும் தேடல, சுவாதியத் தூக்கிக்கிட்டு வேற ரூமுக்குப் போயிட்டன். உனக்கு அங்கயே கதை முடிஞ்சு போச்சு. எனக்கு முடியல.

பஸ்ஸு பாதி வழியில சூளகிரி வரும்போது மாரு கட்டி, பால் பீச்சி ரவிக்கையெல்லாம் நனஞ்சு போச்சு பிரவீனா. பக்கத்துல உக்காந்திருந்த ஆளு எந்திரிச்சு வேற சீட்டுக்குப் போயிட்டான். நான் எறங்கிட்டன். எதிர்ப்பக்கம் வந்த பஸ்ஸ கைய நீட்டி நிறுத்தி ஏறினன். நர்சம்மா காறித் துப்பாத கொறையா திட்டினாங்க. கொழந்தை என்ன கடை சாமானான்னாங்க. எவ்வளவு அலைய வெச்சாங்களோ அலைஞ்சன், போட வேண்டிய எடத்துலயெல்லாம் கையெழுத்து போட்டன், வாங்கிட்டு வந்தன். அந்த ஆளு வூட்டுக்கு அப்பறம் நான் போவவே இல்ல.

என்ன, வயசக் கணக்குப் போடறியா? போடு, போடு. சுவாதி அப்பவே நடக்கற புள்ள, நீயே தூக்கி வெச்சிருக்கற. அப்பறம் எனக்கு வேற புருசனும் இல்ல, வேற கொழந்தையும் இல்ல.

அலையல பிரவீனா அந்தக் கொழந்தை. உனக்குப் போண்டா வாங்கப் போயிருக்குது.

தோ, வண்டி சத்தம். கண்ணத் தொடச்சிக்க. பேப்பரக் குடு, கையெழுத்து போடறன். அவ கோயமுத்தூர் போயி நல்லாப் பேசட்டும், கெலிக்கட்டும். நீ மொத வரிசையில உக்காந்து கேளு. நான் கேட்டன் இல்ல, அந்த மாதிரி.