பத்து நாள் கட்டி

அபூர்வமாம்க்கா... அபூர்வம்! ஆயிரக்கணக்கான குதிரைல ஒண்ணுக்கு வர்ற கேன்சராம். அதுவும் ரத்தக் கொழாய்ல! இந்தக் கோதண்டபாணிக்கு இதுவரைக்கும் ஒரு குலுக்கல்ல ஒரு எவர்சில்வர் டம்ளர் கூட விழுந்ததில்ல. இது மட்டும் அட்ரஸ் விசாரிச்சுகினு வந்திருக்குது பாரு!

நீ உக்காருக்கா. டோக்கன் எத்தினி? இருபத்தி மூணா? இப்பதான் இருபத்தி ரெண்டு உள்ள போயிருக்குது. ஒரு கோழியப் பாக்கவே அரை மணி நேரம் எடுப்பாரு இந்த டாக்டரு. உன் ஆடு இருமட்டும், அவசரமில்ல.

அதோ, வேப்ப மரத்தடில வெள்ளையா நிக்கிறா பாரு... அவதான் பிஜிலி. ஆம்பூர்லேர்ந்து குடியாத்தம் வரைக்கும் எத்தினி மாப்ளைங்கள சொமந்திருக்கா! காதுகிட்ட பத்தாயிரம் வாலா வெடிச்சாலும் அசைய மாட்டா. மாப்ளதான் பயந்துபோய் அவ கழுத்தக் கட்டிக்குவான். நானு ஷூ கம்பெனில தையல் மிஷின் முன்னால குனிஞ்சே கெடக்கறவன். முகூர்த்த நாள்ல இவளப் புடிச்சுகினு நடக்கறப்பதான் நிமிந்து நடப்பேன். அவ்ளோதான்க்கா எனக்கு.

உள்ள உக்காந்திருக்கற இந்தப் பெரிய மனுஷன் இன்னா சொல்றாரு தெரியுமா? போன வாரம் அவ வயித்துக் கட்டில ஊசி குத்தி எடுத்து மெட்ராசுக்கு அனுப்பிச்சாரு. இன்னிக்கி பேப்பர வெச்சுகினு, "மெல்ல வளந்த கட்டியா இருந்தா வெட்டி எடுத்துப் பாக்கலாம்ப்பா. இது பத்து நாள்லயே தேங்கா சைசுக்கு வந்திருக்குது. இந்நேரம் நெஞ்சுக்குள்ள போய்ருக்கும். எதுக்கு அறுத்து அத வேதனப்படுத்தணும்? வீட்டுக்கு இட்டுகினு போயி நல்லா தீனி போடு"ங்கறாரு. தீனி போட எனக்குத் தெரியாதா? இதச் சொல்லத்தான் அத்தன வருஷம் படிச்சாரா?

வீட்ல ஒருத்தி... மேகலா, என் பொண்டாட்டி. அவ அதுக்கு மேல பேஜாரு. "தை மாசமே தலபாடா அடிச்சுகினேனே"ன்னு...

இன்னா? தை மாசமான்னா கேக்கற? அது... சும்மா ஒரு பேச்சுக்கு சொல்லுவா.

இந்தப் பையா? இதுவும் அவ வேலதான். வேணாம் வேணாம்னாலும் கைல திணிச்சு அனுப்பிச்சா. மெத்தைக்கா. வயித்துல கட்ற வாருக்கு அடில வெக்கறது. கம்பெனில கழிச்சுப் போட்ட தோலு, உள்ள ஷூவுக்கு வெக்கற ஃபோமு. நானே தெச்சேன். நடுவுல இருக்கற ஓட்டையா... வாரு கட்டி மேல அழுத்தக் கூடாது இல்ல? இது தைல தெச்சது, எலுமிச்சம்பழ சைசு. இது பங்குனி, கொய்யா சைசு. இது வைகாசி. ஓரத்துல ரெட்டத் தையலு, பாரு, எவ்ளோ நீட்டா இருக்குது! மேல ஜரிகத் துணி போத்திட்டா எவனுக்குத் தெரியும்?

நல்ல சீசன்க்கா. ஆடி பொறக்கட்டும், முகூர்த்தம் இருக்காது, அப்ப காட்டலாம்னு இருந்தேன். இட்டாந்தேன். "எத்தினி நாளா இருக்குது?"ன்னாரு. ஆறு மாசம்னு சொன்னா, இத வெச்சுகினா மாப்ளய ஏத்துனன்னு அத்தன பேர் முன்னால காறித் துப்புவாரு. அன்னிக்கி ஆடி பொறந்து பத்து நாளு. அந்தப் பத்தயே சொல்லிட்டேன்.

அப்டிப் பாக்காதக்கா. ஏதாவது திட்டவாவது திட்டு.

பத்து நாளுன்னு நம்பித்தான அவரு கத்தி வேணாங்கறாரு? ஆனா இது மெல்லத்தானக்கா வளந்துது! நான்தான அளவெடுத்தேன்... என் கையாலதான வெட்டுனேன்...

இன்னா, இருபத்தி மூணா? அதுக்குள்ளயா? யக்கா, யக்கா, நில்லு! ஒரு நிமிஷம் ஆட்டப் புடிச்சுக்க, நான் முன்னால போய்ட்டு வந்துர்றேன். ஒண்ணும் பேசப் போறதில்லக்கா, அவரு முன்னால எனக்கு வாயே வராது. இந்த மூணு மெத்தயயும் வரிசையா அவரு மேசைல வெக்கப் போறேன்.